முக்காற்புள்ளி

பியல் நகரில் தெருவுக்கு இரண்டு பெயர்,
மேலே ஜெர்மன், கீழே பிரெஞ்சு.
உறையில் எதை எழுதினாலும் கடிதம் போய்ச் சேரும்.
சம விகிதத்தை நான் இப்படித்தான் தொடங்குவேன்,
ஏழாம் வகுப்பில், பதினோரு வருடமாக.
பத்துக்கு நான்கு என்றாலும்
ஐந்துக்கு இரண்டு என்றாலும்
ஒரே தெருதான் பிள்ளைகளே,
பலகைதான் வேறு.

செவ்வாய்க்கிழமை ராஸ்பெரி சர்பத் வாங்கிப் போனேன்.
புட்டியில் அச்சிட்டிருந்தது, ஒன்றுக்கு ஆறு.
ஒரு குவளை சர்பத், ஆறு குவளை தண்ணீர்.
இருபத்திரண்டு பேருக்குக் காணாது,
பெரிய ஜாடிக்கு எவ்வளவு?
அர்ப்னோர் எழுந்து வந்து
இன்னொரு ஜாடியில் கலந்தான்.
சர்பத்தில் ஒன்று கூட்டினான், தண்ணீரில் ஒன்று கூட்டினான்.
இரண்டுக்கு ஏழு.
"ரெண்டு பக்கமும் ஒரே அளவுதானே கூட்டினேன்,
யாரை ஏமாற்றினேன்?"

வருடத்துக்கு ஒருவராவது கேட்கிற கேள்வி.
குடித்துப் பாருங்கள் என்பது
நான் தயாராக வைத்திருக்கும் விடை.
குடித்தார்கள்.
இனிப்பு தொண்டையைப் பிடித்தது.
இதுதான் நல்லா இருக்கு என்று
பதினேழு கைகள் உயர்ந்தன.
சரியான ஜாடி மேசை ஓரத்தில்
வெளிறிப்போய் நின்றது,
கொஞ்சம் என்னைப் போல.

எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே
இவர்கள் வைப்பது இரட்டைப்புள்ளி.
என் தமிழில் அது முக்காற்புள்ளி.
காலையும் அரையையும் தாண்டி வந்து
முற்றுக்கு ஒரு கால் குறைவாக நின்றுவிடுவது.
இதை இங்கே யாரிடமும் சொன்னதில்லை.
சாக்குக்கட்டியால் பலகையை இரண்டு முறை தட்டும்போது
எனக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்வேன், அவ்வளவுதான்.

அப்போது லடீனா கை தூக்கினாள்.
செப்டம்பரிலிருந்து அந்தக் கையை நான் மேலே பார்த்ததில்லை.

"என் அப்பா டெலெமோனில் இருக்கிறார்.
முன்பெல்லாம் அம்மாவோடு ஐந்து நாள், அவரோடு இரண்டு நாள்.
கடிகாரத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாறியது.
இப்போது அம்மாவோடு பத்து, அவரோடு சேர்ந்தாற்போல் நான்கு.
கணக்கு ஒன்றுதான் என்றார்கள் இரண்டு பேரும்.
நீங்களும் அதையே சொல்கிறீர்கள்.
ஐந்தாம் நாள் என்றால்
அவரிடம் சொல்ல வைத்திருப்பது எல்லாம் ஞாபகம் இருக்கும்.
எட்டாம் நாள் பாதி போய்விடும்.
பத்தாம் நாள் ரயில் ஏறும்போது
நல்லா இருக்கேன் என்பது மட்டும்தான் மிச்சம்."

பொதுக் காரணி, வகுத்தல், சுருங்கிய வடிவம்,
பதினோரு வருடச் சொற்கள் வரிசையாக வந்து நின்றன.
ஒன்றையும் உள்ளே கூப்பிடவில்லை.
பதினான்கு கட்டங்கள் வரைந்தேன்.
பத்து வெறுமை, நான்கு சிவப்பு.
கீழே இன்னொரு பதினான்கு.
ஐந்து வெறுமை, இரண்டு சிவப்பு,
மறுபடி ஐந்து, மறுபடி இரண்டு.
சிவப்பை எண்ணச் சொன்னேன்.
இரண்டிலும் நான்கு என்றது வகுப்பு.
வெறுமையை எண்ணச் சொன்னேன்.
பத்து, பத்து.
அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியாமல்
சிவப்புச் சாக்கோடு நின்றேன்.
ஜன்னலுக்கு வெளியே மலையைப் பனிமூட்டம்
அரைக்கு மேல் மறைத்திருந்தது.

பின்வரிசையில் அர்ப்னோர்,
உதட்டோரம் ராஸ்பெரிக் கறை,
யாரிடமும் கேட்காமல் சத்தமாகச் சொன்னான்:
"இது சர்பத் இல்லையே டீச்சர்.
கலக்க முடியாதே."

லடீனா திரும்பி அவனைப் பார்த்தாள்.
மணி அடித்தது.
பலகையை அழிக்க வந்த பையனிடம்
இருடா என்று சொல்லிவிட்டு
இரண்டு வரிசைக் கட்டங்களையும்
நோட்டில் அடிக்கோல் வைத்து வரைந்துகொண்டிருந்தாள்.
வீட்டுக்கணக்கு கொடுக்க மறந்துபோனேன்.

எல்லோரும் போனபின்
சரியான ஜாடியில் மீந்திருந்ததை
கழுவுதொட்டி அருகே நின்றபடி
நானே குடித்தேன்.